ஆற்றங்கரைப் பிள்ளையாரை நாங்கள் தூக்கிப் போன கதை

பிள்ளை,

நேற்றுப் பின்னேரம் நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, அப்பா இன்னும் என்னோட கோவமோ?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுகிற விஷயமாக அது எனக்குப் படவில்லை, அவ்வளவுதான். நீ கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போனதிலிருந்து நாம் இருவரும் கதைப்பது என்ன? என்ன கறி வைத்தாய், மருமகன் வேளைக்கு வீட்டுக்கு வருகிறாரா, அங்கே மழையா, இங்கே வெயிலா. நடுவில் லைன் அறுந்துவிடும். மனதில் கிடப்பதைச் சொல்லத் தொலைபேசி தோதுப்படாது. அதனால்தான் இன்றைக்கு வேலைகளை ஒதுக்கிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா இதற்குள் இரண்டு தரம் குசினிக்குள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு இவ்வளவு தாகம் எடுத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். ஆனால் நீ அப்போது சின்னப்பிள்ளை, உனக்குத் தெரிந்தது பாதி. நானும் உன் அப்பாவும் கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலத்திலேயே சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினோம். பிறகு ஊர் ஊராக அலைந்து, நீ பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, கடைசியில் முகாமுக்குள் கிடந்து, அங்கிருந்து திரும்பி வந்து பார்த்தபோது எங்கள் காணி இருந்த இடத்தில் காடு நின்றது. வீடு இருந்த அடையாளம் இல்லை, வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை. கிணறு தூர்ந்து எங்கே என்று தெரியாமல் போயிருந்தது. பழைய கிரவல் றோட்டைக்கூட மரம் மூடிவிட்டது. மூன்று குடும்பங்கள் வந்து நின்றோம். ஆற்றங்கரையிலிருந்து மேற்கே பார்த்து, முதல் காணி எங்களுடையது. அடுத்தது உன் சின்னராசா மாமாவுடையது. மூன்றாவது, றோட்டோடு ஒட்டினது, மாரியம்மா அக்காவுடையது. மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வந்த அவாவின் குடும்பத்துக்கு முதன்முதலாகச் சொந்தமென்று கிடைத்த நிலம் அது. எங்களிடம் மிஞ்சியிருந்தது இந்த வரிசை மட்டும்தான். எங்கேயிருந்து அளக்கத் தொடங்குவது என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தோம். அப்போதுதான் உன் அப்பா கையை நீட்டி, "ஆறு இருக்குத்தானே! மற்றதெல்லாத்தையும் கொண்டு போயிட்டாங்கள், ஆத்தை ஆர் கொண்டு போறது? ஆத்திலயிருந்து அளப்பம்" என்றார். அதைக் கேட்டு எங்களுக்கு அப்படியொரு நிம்மதி. எல்லாமே போன பிறகு, போகாமல் ஒன்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அளந்துகொண்டு போகும்போது, பெரிய மருத மரங்கள் வரிசையாக நின்ற இடத்தில், பற்றைக்குள் பிள்ளையார் இருந்தார். எங்கள் ஆற்றங்கரைப் பிள்ளையார். நான் புதுப்பெண்ணாக வந்து விளக்கு வைத்த அதே கல், உடம்பெல்லாம் பாசி பிடித்தபடி. கண்டதும் நான் அழுதுவிட்டேன். சின்னராசா மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உவர் என்னெண்டு இஞ்ச வந்தவர்? ஆத்தங்கரையில எல்லோ இருந்தவர்?" என்று கேட்டார். ஆறு அங்கிருந்து ஏறக்குறைய ஒரு காணி அகலத்துக்கு அங்கால் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் யாரோ பிள்ளையாரைத் தூக்கி வந்து இங்கே போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினோம். யார் தூக்கினது, ஏன் தூக்கினது என்று ஆளாளுக்கு ஒரு கதை. அவரை அவருடைய இடத்தில் வைக்காமல் அடுப்பு மூட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது நான்தான். உன் அப்பாவும் சின்னராசா மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பாரம் தாங்காமல் இறக்கி இறக்கி வைத்து, ஆற்றங்கரைக்குக் கொண்டு போனார்கள். நான் முன்னால் பாடிக்கொண்டு போனேன். நீ பின்னால் காட்டுப்பூப் பிடுங்கிக்கொண்டு வந்தாய். எங்கள் கையில் மிஞ்சியிருந்த ஒரேயொரு எல்லைக்கல்லை நாங்களே பாட்டுப் பாடித் தூக்கிப் போகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளையார் இருந்த இடத்தில்தான் இருந்திருக்கிறார். நகர்ந்தது ஆறு.

அந்தக் காணியை நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளை. அது எங்களை வாழவைத்தது. மற்றவர்கள் பாலை மரங்களையும் வீரை மரங்களையும் வெட்டி வேர் கிளப்பிக் கைகொப்புளிக்க நின்றபோது, எங்கள் பக்கம் இளம் மரங்கள்தான், லேசாகத் துப்புரவாகிவிட்டது. மண் மாப்போல இருந்தது. கிணறு வெட்டினால் ஆள் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே தண்ணீர், அதுவும் நல்ல தண்ணீர். கச்சான் கடலையும் கத்தரியும் போட்டோம். வெயில் காலத்திலும் மிளகாய்க்கன்று வாடவில்லை. கடவுள் எங்கள் கஷ்டத்தைப் பார்த்துத் தந்த காணி என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். வீட்டுக்குப் பின்னால், எங்களுக்கும் சின்னராசா மாமாவுக்கும் நடுவே நீளமாக ஒரு பள்ளம் கிடந்ததே, அதை யாரோ புல்டோசர் விட்டு வெட்டினது என்று நினைத்தோம். மருத மரம் தண்ணீர்க் கரையில் நிற்கிற மரம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அந்த மரங்களின் கீழே கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்தோமே தவிர, இவை ஏன் இங்கே நிற்கின்றன என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. றோட்டோரம் ஒரு துண்டு மிஞ்சிக் கிடந்தது. றோட்டை அகலிக்க விட்ட இடமாக்கும் என்று எல்லோரும் அதில் நெல் காயப்போட்டோம். கண்ணுக்கு முன்னால் எல்லாம் எழுதி ஒட்டின மாதிரிக் கிடந்தது. எங்களுக்குத்தான் வாசிக்க மனம் வரவில்லை. திரும்பி வந்து ஒரு கூரைக்குக் கீழே படுத்த மனிதர்கள், கிடைத்ததைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

நீ யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்து முடித்து, வெள்ளம் வருகிற இடங்களைப் படம் கீறுகிற வேலையில் சேர்ந்து, முதல் தடவை நிலம் அளக்கிற கருவியையும் தூக்கிக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்து நின்றது எனக்கு நல்ல ஞாபகம். வந்ததும் சாப்பாடு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "அம்மா, இந்த மருத மரம் ஏன் இஞ்ச நிக்குது?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். பிறகு நீ கணினியைத் திறந்து, வானத்திலிருந்து வருடா வருடம் எடுத்த படங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டினாய். நாங்கள் இல்லாத காலத்தில் மேலே குளத்தின் கட்டு உடைந்திருக்கிறது, விழுந்த மரமும் மணலும் பாலத்தடியை அடைத்திருக்கின்றன, ஆறு வழியில்லாமல் கிழக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. பிறகு டிப்பர்கள் வந்து மணல் அள்ள அள்ள இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. பழைய ஆறு கிடந்த இடத்தில் எங்கள் வீட்டின் கூரைத் தகரம் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. ஆறு போய்விட்டதுதானே, இனி என்ன பயம் என்று நான் கேட்டேன். நீ சொன்னது இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. "நான் சின்னனில பாயில ஒரு தலைப்பில படுத்தா மற்றத் தலைப்பில எழும்புவன் எண்டு சொல்லுவீங்களெல்லோ? ஆறும் அப்பிடித்தான் அம்மா. அது படுக்கிற பாய் முழுக்க அதுக்கு வேணும். இப்ப எந்த மூலையில கிடக்கெண்டு பாத்து, மற்ற மூலையில நாங்கள் வீடு கட்டேலாது." இதைவிட எனக்கு விளங்குகிற மாதிரி ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

உன் அலுவலகத்தில் கிடந்த பழைய படத்தில் ஆறு பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததாம். படத்தைப் பார்த்தவர்கள் எங்கள் வளவைப் பார்க்கவில்லை, எங்கள் வளவைப் பார்த்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை நம்பி, இப்போது ஆறு ஓடுகிற இடத்துக்கு அங்கால் கரையில் வீட்டுத்திட்டத்துக்குக் காணி பிரிக்கப் பேச்சு நடந்தது. இன்னும் சிலர், பழையது எதற்கு, இப்போது ஓடுகிற ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரு பட்டி ஒதுக்கினால் போதும் என்றார்கள். இரண்டும் பிழை, போன இடமும் போகக்கூடிய இடமும் சேர்ந்ததுதான் ஆற்றின் நிலம் என்று நீ நின்று, அப்படியே கோட்டைக் கீறினாய். அங்கால் கரையில் வீடு கட்டுகிற யோசனை அதோடு நின்றது. ஆனால் அதே கோடு இங்கால் பக்கம் எங்கள் வீட்டையும் உள்ளே இழுத்துக்கொண்டது. உனக்காக உன் அப்பா எங்கள் வீட்டோடு ஒட்டி வெட்டி வைத்திருந்த அத்திவாரத்தையும் இழுத்துக்கொண்டது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கட்டிக்கொடுத்தால் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும். உன்னோடு வேலை செய்கிற அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளை கலியாணத்தன்று என்னிடம் ஒன்று சொன்னாள். "வீட்டடியில மட்டும் கோட்டைக் கொஞ்சம் வளைச்சு விடலாமே, ஆர் பாக்கப் போறது?" என்று அங்கே ஒருவர் நல்ல மனதோடு கேட்டாராம். நீ, "ஆறு பாக்கும்" என்றாயாம். அதை நீ எங்களிடம் சொல்லவே இல்லை. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பொதுநோக்கு மண்டபத்தில் நீ கீறின படத்தை மாட்டின நாளைப் பற்றி நீ இன்னும் நினைத்து வருந்துகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆவணி மாத வெயில், எல்லோரும் விசிறிக்கொண்டு இருந்தோம். சிவப்பு நிறத்துக்குள் எங்கள் வீடு முதலாவதாகக் கிடந்தது. "சிவப்பில பயிர் வைக்கலாம், மாடு கட்டலாம். ஆக்கள் படுக்கக்கூடாது" என்று நீ பொறுமையாகச் சொன்னாய். உன் அப்பா எழும்பினார். "பெத்த அப்பன்ர வீட்டுக்குள்ள ஆத்தை விடத்தான் இவளைப் படிப்பிச்சனான்" என்றார். சனம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பிறகு யாரோ, அப்ப பழைய கரை எது என்று கேட்க, மருத மரத்தடிதான் பழைய கரை, காணிகளை அங்கேயிருந்து அளந்திருக்க வேண்டும் என்று உள்ளதைச் சொன்னாய். சின்னராசா மாமாவின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்குக் கணக்கு விளங்கிவிட்டது. மருத மரத்திலிருந்து அளந்தால் அவருடைய வீடு நிற்பது எங்கள் காணியில். மாரியம்மா அக்காவின் வீடு நிற்பது அவருடைய காணியில். றோட்டோரம் நெல் காயப்போடுகிற துண்டுதான் மாரியம்மா அக்காவுடையது. மூன்று குடும்பமும் ஆற்றோடு சேர்ந்து ஒவ்வொரு காணி தள்ளிப் போயிருக்கிறோம்.

அன்று பின்னேரம் உன் அப்பா கடையடியில் நின்று, "அப்ப மேட்டில கிடக்கிறது என்ர காணியெல்லோ" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தக் கதை அவர் வீட்டுக்கு வருமுன்னே சின்னராசா மாமாவின் வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த கிழமையே சின்னராசா மாமா மருத மரங்களைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி போட்டுவிட்டார். முகாமில் ஒரே கிடாரத்தில் சோறு காய்ச்சித் தின்ற மனிதர்கள், பிள்ளை. உனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்து வரிசையில் நின்றது சின்னராசா மாமாதான். உன் கலியாணத்துக்கு அவர் வரவில்லை. மணவறையில் இருந்துகொண்டு நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். நீ வெளிக்கிடும்போது என் காதுக்குள், "அம்மா, நான் கீறின கோடுதான் எல்லாரையும் பிரிச்சுப் போட்டுது" என்றாய். அப்படியில்லை என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் அப்படித்தானோ என்ற பயம் எனக்கும் இருந்தது. உன் அப்பா வாசலில் நின்று, உன்னோடு கதைக்காமல் மருமகனோடு வான் வண்டியைப் பற்றியும் அதன் ரயரைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு அடிக்க வேண்டும் போல் இருந்தது.

இனி உனக்குத் தெரியாத பாதி. இதை உன் அப்பாவே உனக்குச் சொல்லுவார் என்று இவ்வளவு நாளும் காத்திருந்தேன். அவர் வாய் திறக்கிற மாதிரி இல்லை. கார்த்திகையில் குளம் நிரம்பி வான் பாய்ந்து கதவுகளையும் திறந்துவிட்டார்கள் என்று உனக்குச் சொன்னேன். வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை என்றும் சொன்னேன். அது உண்மை. ஆனால் வாசல்வரைக்கும் எப்படி வந்தது என்று சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் முன்னால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறு கரையோடு போய்க்கொண்டிருந்தது. உன் அப்பா, "பாத்தீரோ, உம்மட மகளின்ர படத்தை!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்துக்கொண்டு நிற்கும்போதே ஆடு பின்னால் கத்தியது. திரும்பிப் பார்த்தால், புல்டோசர் வெட்டினது என்று நாங்கள் சொன்ன பள்ளத்தால் தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், வழி தெரிந்தது போல வந்தது. மருத மர வேர்களைத் தொட்டுக்கொண்டு, உனக்கு வெட்டின அத்திவாரத்தை நிரப்பிக்கொண்டு, எங்கள் வாசற்படிக்குக் கீழே வந்து நின்றது. முன்னால் ஆறு, பின்னால் ஆறு, நடுவில் நாங்கள். உன் அப்பா அத்திவாரக் கிடங்கைப் பார்த்தபடி அப்படியே நின்றார். பின்னேரம் வடியத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் அந்தப் படத்தைப் பற்றி ஒரு பகிடியும் விடவில்லை.

மார்கழிப் பிள்ளையார் விரதம் முடிகிற நாள் காலையில், எல்லோரும் ஆற்றங்கரையில் பொங்கிக்கொண்டிருந்தோம். பிள்ளையார் இடுப்பளவு வண்டல் படிந்து, ஒரு பக்கம் சரிந்து போயிருந்தார். சின்னராசா மாமாவும் வந்து, ஆனால் ஒதுங்கி நின்றார். பூசை முடிய உன் அப்பா கற்பூரத் தட்டை வாங்கினார். நான் ஏதோ நேர்த்தியாக்கும் என்று நினைத்தேன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். "சின்னராசா நிக்கிற காணியை நான் கேக்கமாட்டன். என்ர பிள்ளையும் கேக்காது. இது சத்தியம்" என்றார். எங்கள் ஊரில் கற்பூரம் அணைத்துச் சொன்ன சொல்லை எந்தக் காணி உறுதிப் பத்திரமும் எந்த நீதிமன்றமும் மாற்றாது. சின்னராசா மாமா கிட்ட வந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "ஏன்ரா கையைச் சுட்டனி? வாயால சொன்னாக் காணாதே?" என்று கேட்டார். "வாயால சொன்னதுதானே உன்னை வேலி போட வைச்சது" என்றார் உன் அப்பா. நான் சத்தம் போட்டே அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்போதுதான் மாரியம்மா அக்கா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே எழும்பினா. "எல்லாரும் அழுது முடிச்சாச்சுன்னா, இந்தப் புள்ளையார மொதல்ல கொண்டு போய் அவரு எடத்துல வைங்க. ஒவ்வொரு மழைக்கும் நம்ம பண்ணின தப்புக்கு இவரு ஏன் நனையணும்?" என்றா. பிள்ளையாரின் இடம் சின்னராசா மாமாவின் முள்ளுக்கம்பிக்குள் இருக்கிறது. அதைத் திறந்தால் பழைய கரை அதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் போய்க் குறடு எடுத்து வந்து கம்பியைத் தானே வெட்டினார். அதே இரண்டு பேரும், இப்போது இருவருக்கும் தலை நரைத்து, நாரியிலும் முதுகிலும் நோவு வேறு, பழையபடி ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். வழியில் எத்தனை தரம் இறக்கினார்கள் என்று கேட்காதே. மருத மரத்தடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, மாரியம்மா அக்கா றோட்டோரத் துண்டைப் பற்றிக் கதை எடுத்தா. "படத்துப்படி அது என்னோடதுன்னு பாப்பா சொல்லுச்சு. ஆனா நான் வச்ச தென்னை இங்க காய்க்குது, எம் புருசன எரிச்ச பிறகு நான் கட்டுன வீடு இங்க நிக்குது. நான் எங்கயும் வரல. அவங்கவங்க இருக்கிற எடத்துல இருக்கட்டும். தண்ணி வர்ற எடத்துல இருக்கிறவங்க மேல வாங்க. றோட்டோரம் சும்மாதானே கெடக்கு." அப்படியென்றால் றோட்டோரத் துண்டு எங்களுக்கு. சின்னராசா மாமா தலையாட்டினார். ஒருவருக்கும் காணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் றோட்டோரக் காணி என்றால் சும்மாவா? அவா அதை ஒரு பேச்சுக்கும் எடுக்கவில்லை. மூவரும் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறிப் போய், காணி அலுவலகத்தில் சம்மதம் என்று கையெழுத்து வைத்தார்கள். அதைப் பதிந்து சரிக்கட்ட நாள் எடுக்கும் என்றார்கள். எடுக்கட்டும். இதைவிட நீளமான காத்திருப்பெல்லாம் பார்த்தவர்கள்தானே நாங்கள்.

ஆகவே, கோடுதான் பிரித்துப் போட்டது என்று நீ அன்று சொன்னதற்கு என் பதில் இது. பிரித்துத்தான் போட்டது, கொஞ்சக் காலம். ஆனால் அந்தக் கோடு இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் மூன்று குடும்பமும் சிரித்துப் பேசிக்கொண்டே ஒருநாள் ஆற்றோடு போயிருப்போம். தாய் என்ற உரிமையில் ஒன்றிரண்டு சொல்கிறேன், கேள். இனி எந்த ஊருக்குப் படம் கீறப் போனாலும், மண்டபத்தில் மாட்டுவதற்கு முன்னால் வீடுகளுக்குப் போ. ஒரு கதிரையில் இருந்து தேத்தண்ணியை வாங்கிக் குடி. யாருடைய வீடு சிவப்புக்குள் வருகிறதோ அவர்களுக்கு அதை அவர்களுடைய வாசலில் வைத்துச் சொல்லு, சனத்துக்கு நடுவில் சொல்லாதே. உன் அப்பா அன்று கத்தினது படத்தைப் பார்த்து இல்லை, சனத்தைப் பார்த்து. அவர்கள் திரும்பி வந்தபோது எதைப் பிடித்துக்கொண்டு அளந்தார்கள் என்று கேள். அவர்களின் சாமி எங்கே இருந்தது, யார் எப்போது தூக்கினது என்று கேள். மருமகனோடு ஏதும் மனத்தாங்கல் வந்தாலும் இதே மருந்துதான், நாலு பேருக்கு முன்னால் நியாயம் கதைக்காதே. உள்ளதைச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதே.

எங்கள் வீடுகளில் பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்கிற வழக்கம் இல்லை. நானும் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் நீ பயந்துபோவாய். இன்றைக்குச் சொல்கிறேன். எங்களை உன் கோட்டுக்கு வெளியே விட்டிருக்கலாம், ஒருவரும் உன்னைக் கேட்டிருக்கமாட்டார்கள். பெற்றவர்களென்று பார்த்து வளைக்காமல் விட்டாயே, அதற்கு நன்றி. ஊர் சிரித்தபோது படத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடாமல் நின்றதற்கு நன்றி. அந்த அத்திவாரத்தின் மேல் வீடு எழும்பி, உன் பிள்ளைகள் அதற்குள் படுத்திருக்கிற ஒரு மாரி மழைக் காலத்தை நான் நினைத்துப் பார்க்கிறேன். அது நடக்காமல் செய்தது நீ. அந்த இடத்தில் இப்போது கச்சான் போட்டிருக்கிறோம். நன்றாக வந்திருக்கிறது.

இவ்வளவும் எழுதி முடிக்க, உன் அப்பா வந்து எதிரே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளைக்கோ எழுதிறீர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். வீடு கட்டுமுன் நிலையம் எடுக்க ஆசாரியாரைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் எந்தத் திசையில் கட்டுவது என்று கேட்பது நம் வழக்கம் அல்லவா? றோட்டோரத் துண்டுக்கு ஆசாரியாரை எப்போது வரச் சொல்வது என்று சின்னராசா மாமா நேற்றும் வந்து கேட்டுவிட்டுப் போனார். உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"ஆசாரியார் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். பிள்ளை வரட்டும். அவள் வந்து நிண்டு, அப்பா, இஞ்ச கட்டுங்கோ எண்டு காட்டட்டும். அவள் காட்டுற இடத்திலதான் கட்டுவன். அதுவரைக்கும் மண்வெட்டியைத் தொடமாட்டன் எண்டு எழுதும்."

எழுதிவிட்டேன். மண்வெட்டி சுவரில் சாத்தியபடியே நிற்கிறது. எப்போது வருகிறாய்?